ஒரு விரற்கடை கீழே

பாலாடைக்கட்டி ஆலையில் என் ஷிப்ட் முடிவது நாலு மணிக்கு.
அங்கிருந்து ஹார்லிங்கன் ஒன்பது கிலோமீட்டர்,
கடலணை அடியில் ஒற்றைப் பாதை.
வலப்புறம் அணை, அதற்கப்பால் கடல்;
இடப்புறம் வாய்க்கால்.
இருட்டு அங்கே, ஊரில்போல்
மூலை பார்த்து ஒதுங்கி நிற்பதில்லை.
நட்டநடுப் பாதையில் உட்கார்ந்திருக்கும்.

என்னிடம் இருந்தது
சூப்பர்மார்க்கெட்டில் சோப்போடு வாங்கிய
நாலு யூரோ விளக்கு.
அது வழி காட்டாது.
நான் வருகிறேன் என்று மட்டும் சொல்லும்,
அதையும் தயங்கித் தயங்கி.
நவம்பர்க் குளிரில் பாதி தூரத்திலேயே கண் செருகும்.
கன்னத்தில் தட்டி எழுப்புவேன்.
ஒருநாள் தட்டியும் எழவில்லை,
ஆட்டின் மேல் ஏறிவிட்டேன்.
ஆட்டுக்கு ஒன்றுமில்லை.
எனக்கு முழங்காலில் ஏழு தையல்.

போதாததற்கு அவன்.
நாலரை மணிக்குத் தவறாமல் எதிரே வருவான்.
முதல்நாள், லாரி என்று நினைத்துப்
புல்லில் இறங்கி நின்றேன்.
முகத்தில் சுண்ணாம்பை வாரி அடித்ததுபோல் ஒரு வெளிச்சம்,
அப்புறம் சரசரவென்று சங்கிலிச் சத்தம்.
அவன் கடந்த பின்னும் பத்து விநாடி நான் குருடி.
ஃப்ரிஸிய மொழியில் திட்டினேன்.
எந்த ஊர்க்காரனோ என்று
டச்சிலும் ஒருமுறை.

சைக்கிள் கடையில் ரிக்ஸ்ட்
வாயில் அதிமதுர மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்:
"எதுக்கு வாங்குற, முழங்காலுக்கா, பழிக்கா?"
"ரெண்டுக்கும்."
ஷட்டரை இறக்கினாள், கடை விளக்கை அணைத்தாள்.
முதல் விளக்கு
சுவர், கூரை, தொங்கும் டயர்கள், என் கை ரேகை
எல்லாவற்றையும் விழுங்கியது.
இரண்டாவது சக்கரம் சுற்றினால்தான் எரியும்.
பாட்டரி கிடையாது, குளிர் அதை ஒன்றும் செய்யாது.
அதன் ஒளி தரையில் பாயாய் விரிந்தது.
மேல் விளிம்பு கத்தியால் நறுக்கினாற்போல்,
அதற்கு மேலே ஒரு சொட்டு இல்லை.
ரிக்ஸ்டின் முகம் இருட்டில் பத்திரமாக இருந்தது.

நான் முதல் விளக்கை வாங்கினேன்.

அன்றிரவு மூடுபனி.
என் வெளிச்சம் என் முன்னாலேயே
வெள்ளைச் சுவர் எழுப்பிக்கொண்டு போயிற்று.
சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு சுவர்.
இரண்டும் முட்டிக்கொண்டபோது
பாதை எங்கே போயிற்றென்று
எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.
நான் வலப்பக்கம் அணைச் சரிவில் கிடந்தேன்.
வாய்க்காலில் தொப்பென்று ஒரு சத்தம்.
ஆடுகள் எழுந்து நின்று
பச்சைக் கண்களால் எங்களைப் பார்த்தன.

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி
அவன் முதலில் கேட்டது:
"நல்ல விளக்கு. என்ன விலை?"

பெயர் விப்ரன். வடக்கே ஒரு பண்ணையில்
ஐந்து மணிக்குப் பால் கறக்கிறவன்.
அவன் கறப்பதுதான் மறுநாள்
என் கொப்பரையில் வந்து நிற்கிறது.
இதைப் பல் கிடுகிடுக்கச் சொன்னான்.
நானோ சைக்கிளின் வளைந்த மட்கார்டைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கில் விழுந்த நெளிவுக்கு
இருபது யூரோ பிடித்துக்கொண்டு
ரிக்ஸ்ட் இரண்டாவதைப் பொருத்தினாள்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
மிட்டாய் மட்டும் ஒன்று நீட்டினாள்.

அவனும் தன்னுடையதை
ஒரு விரற்கடை கீழே சாய்த்திருக்கிறான்.
இப்போதெல்லாம் நாலரைக்கு
இரண்டு ஒளிப்பாய்கள் தார்ச்சாலையைத் தடவிக்கொண்டு வந்து,
ஒன்றின்மேல் ஒன்று ஏறி, நழுவும்.
மேலே அவன் முகம் மங்கலாய்த் தெரிகிறது.
இரண்டு தொப்பி போடுகிறான்,
ஒன்றன்மேல் ஒன்றாக.

நேற்று, கண் கூசாததால், திரும்பிப் பார்த்தேன்.
அவன் பின்விளக்கு எரியவில்லை.
எத்தனை மாதமாய் இப்படியோ.
யார் சொல்லியிருப்பார்கள்?
அந்த நேரத்தில் அவன் முதுகைப் பார்க்க
அந்தப் பாதையில் என்னை விட்டால்
ஆடுகள்தான்.

நாளை ரிக்ஸ்டிடம் சிவப்பு ஒன்று கேட்கவேண்டும்.
கன்னத்தில் தட்டாமல் எரிவதாக.